மூணு முயலும் ஒரு பாட்டில் அத்தரும்

786

மரக்காணம்,
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஷமாவுக்கு உன் அத்தா யூசுப் எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில நான் சுகம், ஆரிஃபா சுகம், முயலுங்க மூணும் சுகம், அதுல ஒண்ணுக்கு மட்டும் கண்ணு இமையில ஒரு சின்னத் தழும்பு, அந்தக் கதையை பின்னாடி சொல்றேன். நீயும் மாப்பிள்ளை நியாஸும் மஸ்கட்ல நோய் நொடி இல்லாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ பண்றேன். மேல மரக்காணம்னு எழுதியிருக்கறதைப் பார்த்துட்டு, கோட்டக்குப்பம் வீட்டை விட்டுட்டு அத்தா எங்கே கிளம்பிட்டார்னு பதறிடாதே. ஆரிஃபாவோட அண்ணன் ஜமீல் வீட்டுலதான் இருக்கோம். விருந்துக்கு வந்திருக்கோம்னு போன்ல உன்கிட்ட சொன்னேன் இல்ல, எந்த ஊர்ல மூணு வாரம் விருந்து போடுவாங்க, நீயும் நம்பிட்ட. இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு கேப்ப. போன் பண்ணினா நீ முதல்ல ஆரிஃபாகிட்ட பேசற, அப்புறம் முயலைக் காட்டுங்கன்னு சொல்ற, என் முறை வர்றதுக்குள்ள உனக்கு டூட்டி வேன் வந்துடுது. அதுவும் இல்லாம நான் சொல்லப்போறதை உன் மூஞ்சியைப் பார்த்து சொல்ல எனக்கு தைரியம் இல்லம்மா. நியாஸ் கம்பெனியில வேலை பாக்கற நம்ம தமிழ்வேந்தன் லீவு முடிஞ்சு வியாழக்கிழமை பிளைட் ஏறுறார். பார்சலோட இந்தக் கவரையும் குடுத்து விடறேன். உட்கார்ந்து நிதானமா படி, வேன்ல வெச்சு படிக்காதே.

உனக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு நன்றி, இன்னொண்ணு மன்னிப்பு. நன்றியை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா மன்னிப்பு விஷயத்தைப் படிச்சப்புறம் உனக்கு இதெல்லாம் காதுல ஏறாது. உங்க அம்மா மவுத்தாகி நாலு வருஷம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியும். போன ரம்ஜானுக்கு வந்தப்ப நம்ம வீட்டு பிரிட்ஜைத் திறந்து பார்த்துட்டு அழுதே. உள்ள என்னா இருந்துச்சு, ஒரு கிண்ணத்துல மூணு நாள் ரசம், ஒரு பாக்கெட் பிரெட்டு, முயலுக்கு வாங்கின கொத்தமல்லி நாலு கட்டு. முயலுக்கு நாலு கட்டு வாங்கத் தெரியுது, உங்களுக்கு ஒரு குழம்பு வெச்சுக்கத் தெரியலையா அத்தான்னு கேட்டே. அப்புறம் மஸ்கட் போய் சேர்ந்த கையோட போன் பண்ணி, நிக்காஹ் பண்ணிக்கோங்கன்னு சொன்னே பாரு, அறுபத்திரெண்டு வயசுல எனக்கு மாப்பிள்ளை வேஷமான்னு கத்தினேன், பதினோரு நாள் உன் போனையே எடுக்கல. நீ விட்டியா, என்னை விட்டுட்டு நேரா மரக்காணம் ஜமீலுக்கு போன் போட்டு அவர் தங்கச்சி ஆரிஃபாவைக் கேட்டே. பெத்த பொண்ணே அப்பனுக்கு பொண்ணு கேக்கறதை ஊர்ல எவன் பார்த்திருக்கான். ஜும்மாவுல நாலு பேரு சிரிச்சாங்க, சிரிச்சவங்க எல்லாரும் நிக்காஹ் அன்னைக்கு வந்து ரெண்டு தடவை பிரியாணி வாங்கித் தின்னாங்க. அன்னைக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை நல்லதா சொல்லல. இப்ப சொல்றேன், நீ செஞ்சது பெரிய காரியம் கண்ணு. அல்லாஹ் உனக்கு அதுக்கு கூலி குடுப்பான். உன் அத்தா மறுபடியும் சுடு சோறு சாப்பிடறேன், பேச்சுத் துணைக்கு ஆள் இருக்குது, நான் கடையிலேர்ந்து வர லேட்டானா ஏன் லேட்டுன்னு கேக்க வீட்டுல ஒருத்தி இருக்கா.

ஆனா நிக்காஹ் பேச்சுல மஹர் பேசினோம், சாப்பாடு பேசினோம், வண்டி பேசினோம், முயலைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. ஆகஸ்ட்ல ஆரிஃபா நம்ம வீட்டுக்கு வந்து இறங்கறா, ஒரு கையில ட்ரங்க் பெட்டி, இன்னொரு கையில கூண்டு. கூண்டுக்குள்ள வெள்ளையா ஒண்ணு, ஒரு காது மட்டும் மடங்கி கண்ணு மேல விழுந்து கிடக்குது. கேட்டா பேரு கல்லுப்பாம். அவ ஆரோவில்ல ஒன்பது வருஷம் சமையல் வேலை பார்த்தா இல்ல, அங்க இருந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மா ஊரைக் காலி பண்ணிட்டு போகும்போது இவகிட்ட விட்டுட்டு போச்சாம். சரி, நம்ம வீட்டுல தான் நீ விட்டுட்டு போன பாதாமும் பிஸ்தாவும் இருக்குதே, ரெண்டோட மூணு, என்னா கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். உனக்குத் தெரியாதா அதுங்க ரெண்டையும். அஞ்சு வருஷமா ஒண்ணு இல்லாம இன்னொண்ணு தண்ணி குடிக்காது. பாதாம் தலையைக் குனிஞ்சா பிஸ்தா நெத்தியை நக்கணும், பிஸ்தா படுத்தா பாதாம் ஒட்டிப் படுக்கணும். இவ்ளோ நல்ல குணமுள்ள ஜோடி ஒரு விருந்தாளியை என்னா பண்ணிடப் போவுதுன்னு, வந்த அன்னைக்கே சாயந்திரம் கல்லுப்பைத் தூக்கி அதுங்க கூண்டுக்குள்ள விட்டேன். ஆரிஃபா வேணாங்க வேணாங்கன்னு சமையல்கட்டுலேர்ந்து ஓடி வர்றதுக்குள்ள கூண்டு முழுக்க பஞ்சு பறக்குது. கல்லுப்போட நல்ல காதுல ஒரு கடி. சாதுவா இருந்த உன் பாதாம்தான் கடிச்சுது, பிஸ்தா இல்ல.

மூணுக்கும் குட்டி போடாம இருக்க ஆபரேஷன் ஆயிட்டதால அந்தத் தொல்லை இல்ல, இது வெறும் இடத் தகராறுதான்னு டாக்டர் சொன்னார். பாண்டிச்சேரி கால்நடை டாக்டர், நீ பிஸ்தாவைக் கூட்டிட்டு போனியே அவரேதான். கூண்டை பக்கத்துல பக்கத்துல வைங்க, நடுவுல ஒரு சாண் விடுங்க, அவசரப்படாதீங்கன்னார். ஆரிஃபாவுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுது. அந்த பிரெஞ்சுக்கார அம்மா வீட்டுல ஏழு முயல் இருந்துச்சாம். ரெண்டு மாசம் தினம் ரெண்டு கூண்டுக்கும் நடுவுல தரையில உக்காந்து ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கீரையை நீட்டுவா. நான் கடைக்குப் போகும்போது உக்காந்திருப்பா, மதியம் சாப்பிட வரும்போதும் உக்காந்திருப்பா. எனக்கோ பொறுமை கிடையாது, அது உனக்கு நான் குடுத்த சொத்து. என்னம்மா இது, முயலுக்கு நிச்சயதார்த்தமா, இன்னும் எவ்ளோ நாளுன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே அடுத்த கீரையை நீட்டுவா. அந்த ரெண்டு மாசத்துல நான் கவனிச்சும் கவனிக்காத ஒண்ணு இருக்குது ஷமா. அவ ட்ரங்க் பெட்டி கட்டிலுக்கு அடியிலயே இருந்துச்சு. புடவை வேணும்னா பெட்டியை இழுத்து எடுப்பா, துவைச்சு மடிச்சு மறுபடியும் பெட்டியில வெப்பா. உப்பு ஜாடியை எடுக்கறதுக்குக்கூட எடுத்துக்கட்டுமான்னு கேப்பா. உன் வீடுதானே, ஏன் கேக்கறேன்னு பெருசா சொல்லிட்டு கடைக்குப் போயிடுவேன். பீரோவுல நாலு தட்டுலயும் உங்க அம்மா புடவைங்கதான் இருக்குது, ஒரு தட்டைக்கூட நான் ஒழிச்சுக் குடுக்கலன்னு என் மரமண்டைக்கு உறைக்கவே இல்ல.

இப்ப மன்னிப்பு விஷயத்துக்கு வர்றேன். பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு எழுதறேன். நாப்பது வருஷமா அத்தர் விக்கறவன் நான். கல்யாண வீட்டு சண்டை, பங்காளி சண்டை, எதுவா இருந்தாலும் நல்லதா ஒரு சொட்டு கையில தடவிவிட்டா மனுஷன் பாதி இறங்கிடுவான்னு நம்பறவன். முயலுங்க ஏன் சண்டை போடுதுங்க, வாசனை வேற வேறயா இருக்கறதாலதானே, அப்ப மூணுக்கும் ஒரே வாசனையை குடுத்துட்டா முடிஞ்சுது. நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சு வந்து இதைத்தான் செஞ்சேன். கடை சரக்கை எடுத்திருந்தாலும் பரவாயில்ல. பீரோவுல உங்க அம்மா பாட்டில் இருந்துச்சே, மல்லிப்பூவும் ஊதுக்கட்டையும் சேர்த்து அவளுக்குன்னு நான் என் கையால கலந்தது, ஊர்ல வேற யாருக்கும் ஒரு சொட்டு குடுத்ததில்ல, கால் பாட்டில் மிச்சம், அதை எடுத்தேன். பாதாமுக்கும் பிஸ்தாவுக்கும் அந்த வாசனை பழக்கம், நம்ம வீட்டு வாசனை, அதைப் போட்டா கல்லுப்பும் நம்ம வீட்டுப் பிள்ளையாயிடும்னு என் கணக்கு. மூணு கழுத்துலயும் ரெண்டு ரெண்டு சொட்டு. அது மட்டும் இல்லம்மா. அன்னைக்குக் காலையிலயே ஆரிஃபாவைக் கூப்பிட்டு அவ மணிக்கட்டுலயும் தடவினேன். இது நம்ம வீட்டு வாசனை, தினம் போட்டுக்கோ, உனக்கும் சீக்கிரம் பழகிடும்னு சொன்னேன். அவ என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்துட்டு சரிங்கன்னா. எனக்கு பெருமை தாங்கல.

மூணையும் ஹாலுல ஒண்ணா விட்டேன். கல்லுப்பு ஓரமா போய் உக்காந்துடுச்சு. பாதாமும் பிஸ்தாவும் ஒண்ணை ஒண்ணு மோந்து பார்த்துச்சு. மறுபடியும் மோந்து பார்த்துச்சு. அப்புறம் பாயுது பாரு ஒண்ணு மேல ஒண்ணு, யா அல்லாஹ், அஞ்சு வருஷ ஜோடி, முன்னப்பின்ன தெரியாத ஜென்மங்க மாதிரி உருண்டு புரளுதுங்க. பிஸ்தா இமை கிழிஞ்சு ரத்தம். பிரிக்கப் போன என் கட்டை விரல்லயும் ஒரு கடி, காய் நறுக்கும்போது கத்தி பட்டுச்சுன்னு உன்கிட்ட சொன்னேனே அந்தக் கட்டு இதுதான். ஆரிஃபா ஓடி வந்து துண்டைப் போட்டு அமுக்கி ஆளுக்கொரு பக்கம் பிரிச்சு வெச்சா. அதுங்களுக்கு மருந்து போட்டு முடிச்சுட்டு கொல்லைக் குழாய்க்குப் போனா. சோப்பு போட்டு அந்த மணிக்கட்டைத் தேய்க்கறா, தேய்க்கறா, தேய்ச்சுக்கிட்டே இருக்கா. நான் பின்னாடி நின்னுட்டிருக்கேன். அப்புறம்தான் பேசினா. அதுங்களுக்கு வாசனைதான் பேரு, வாசனைதான் மூஞ்சி, அதை நீங்க அழிச்சிட்டீங்க, பாவம் யாரு யாருன்னே தெரியாம அடிச்சுக்கிச்சுங்கன்னு சொன்னா. குழாயை மூடிட்டு, நீங்க பாசமாதான் தடவினீங்க, எனக்குத் தெரியுது, ஆனா காலையிலேர்ந்து என் புடவைக்குள்ள வேற யாரோ நடக்கற மாதிரி இருந்துச்சுங்க, நாலு நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு சொன்னா. திட்டல, கத்தல. திட்டியிருந்தா தேவலை.

எனக்கு வெக்கம், அந்த வெக்கத்துல ஒரு கோவம், யார் மேலன்னு தெரியாத கோவம். கையிலிருந்த பாட்டிலை குப்பைத் தொட்டியில வீசிட்டேன் ஷமா. உங்க அம்மாவோட பாட்டிலை. மறுநாள் காலையில புத்தி வந்து தொட்டியைக் கவிழ்த்துத் தேடினா காலியா கிடக்குது, குப்பை வண்டி வந்து வாரிக்கிட்டு போயிடுச்சு. தெருக்கோடி வரைக்கும் வண்டிக்குப் பின்னாடி ஓடினேன். அந்த பாட்டிலை எனக்கு எடுத்து வைங்க அத்தா, நான் வந்து எடுத்துக்கறேன்னு நீ மூணு தடவை கேட்டிருக்கே. போன வாரம் கேட்டப்பகூட பத்திரமா இருக்குதுன்னு பொய் சொன்னேன். இல்லம்மா. அந்த மாதிரி மறுபடியும் கலந்து பார்க்கறேன்னு கடையில உக்காந்து ரெண்டு நாள் முயற்சி பண்ணினேன், வரல, ஏதோ ஒண்ணு குறையுது. உங்க அம்மாவோட வாசனைன்னு உனக்கு இருந்தது அது ஒண்ணுதான், அதை உன் அத்தா ஒரு நிமிஷக் கோவத்துல தொலைச்சிட்டேன். என்னை மன்னிச்சிடு கண்ணு.

ஜமீல் குட்டியானை வண்டி எடுத்துட்டு வந்து தங்கச்சியைக் கூட்டிட்டு போனார். நீங்க தனியா சமாளிக்க மாட்டீங்கன்னு மூணு முயலையும் மூணு கூண்டுல அவளே ஏத்திக்கிட்டா. ட்ரங்க் பெட்டியையும் ஏத்தினா. நாலு நாளைக்குப் போறவளுக்கு எதுக்கு பெட்டின்னு கேக்காம கூண்டுங்களுக்கு கயிறு கட்டிக்கிட்டிருந்தேன். நாலு நாளு எட்டு நாளாச்சு. பிஸ்தா தீனி எடுக்கல, பாதாமைப் பார்த்தா பல்லைக் காட்டுதுன்னு ஒரு நாள் போன்ல சொன்னா. எப்ப வர்றேன்னு நான் கேக்கல, வர்றேன்னு அவளும் சொல்லல. நீ வேற ரெண்டையும் ஒண்ணா காட்டுங்க அத்தான்னு கேட்டே, தூங்குதுங்கன்னு பழைய போட்டோவை அனுப்பி வெச்சேன். ஒன்பதாம் நாள் கடையைப் பூட்டிட்டு மரக்காணம் பஸ் ஏறிட்டேன். பதினெட்டு வயசுலேர்ந்து அத்தர் போடாம நான் வாசப்படி தாண்டினதில்ல, அன்னைக்கு ஒரு சொட்டு போடல, சட்டையைக்கூட ரெண்டு தடவை அலசிப் போட்டுக்கிட்டேன். பஸ்ல பக்கத்துல உக்காந்த நம்ம அரிசிக்கடை சிவப்பிரகாசம் என்னை மோந்து பார்க்காத குறையா பார்த்துட்டு, என்ன பாய் உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டார்.

மழைக்காலத்துல ஜமீலோட உப்பளத்துல வேலை கிடையாதுன்னு உனக்குத் தெரியும். பாத்தி எல்லாம் மழைத் தண்ணி ரொம்பிக் கிடக்குது, தை பொறந்து தண்ணியை வடிச்சு சேறு மிதிச்சு சரி பண்ணினாத்தான் மறுபடியும் உப்பு. அவரோட உப்பு குடோனும் காலியா கிடந்துச்சு. அதைத்தான் ஆரிஃபா கழுவி விட்டு, புது சாக்கு விரிச்சு, கம்பி வலையில மூணு தடுப்பு கட்டி வெச்சிருந்தா. ஏன் இங்கன்னு கேட்டேன். இது பாதாம் வீடும் இல்ல, கல்லுப்பு வீடும் இல்ல, இங்க யாரும் யாரையும் வெளிய போன்னு சொல்ல முடியாதுங்கன்னா. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. உள்ள நின்னு மூச்சை இழுத்துப் பார்க்கறேன், ஒரு வாசனையும் இல்ல. உப்புக்கு ஏது வாசனை. நாப்பது வருஷ மூக்குக்கு லீவு விட்ட மாதிரி இருந்துச்சும்மா.

அங்க எனக்கும் ஒரு வேலை குடுத்தா. என்னா வேலை, சும்மா உக்காரணும், பேசக்கூடாது. நீ சிரிக்கறது இங்க கேக்குது. இது படுத்த சாக்கை அதுக்குப் போடணும், அது படுத்ததை இதுக்குப் போடணும், தினம் மாத்திக்கிட்டே இருக்கணும், அவங்க அவங்க வாசனை அவங்க அவங்க கிட்டயே இருக்கும், அடுத்தவங்க வாசனையும் மெதுவா பழகிடும். அப்புறம் தடுப்பை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம், மறுநாள் பத்து நிமிஷம். பல்லைக் காட்டினா உடனே துண்டு. ஒரு நாள் ஜமீல் வந்து பார்த்துட்டு, என்னா மச்சான், நாங்க உப்புத் தண்ணியை எடுத்ததும் கடைசிப் பாத்தியில விடுவோமா, ஒவ்வொரு பாத்தியா மாத்தி மாத்தி வெயில்ல காய விட்டுத்தானே கொண்டு போறோம், நீங்க ஒரே நாள்ல உப்பு அள்ளப் பார்த்தீங்களேன்னு கேட்டார். நான் பேசக்கூடாதே, தலையை மட்டும் ஆட்டினேன்.

போன வியாழக்கிழமை மதியம். மூணையும் ஒண்ணா விட்டு இருபது நிமிஷம் ஆயிருக்கும், ஆளுக்கொரு மூலையில உக்காந்திருந்துச்சுங்க. திடீர்னு வானம் இருட்டி இடி இடிச்சு மழை கொட்டுது, தகரக் கூரை இல்ல, காதே கிழியற சத்தம். முயலுக்கு இடின்னா உயிர் போற பயம். நான் துண்டை எடுத்துட்டு எழுந்தேன், ஆரிஃபா என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சா. பிஸ்தா ஒரே ஓட்டமா ஓடி பாதாம் கழுத்துக்கு அடியில தலையைச் சொருகிக்கிச்சு. கடிக்கப் போவுதுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்து பார்த்தா பாதாம் அது நெத்தியை நக்கிட்டிருக்குது, கிழிஞ்ச இமையை நக்குது, ஒரு மாசத்துக்கு அப்புறம். அதோட முடியல. இந்தக் கல்லுப்பு நடுங்கிக்கிட்டே மெதுவா வந்து, ரெண்டுக்கும் முன்னாடி தலையைத் தரையோட வெச்சு, மடங்கின காதை ஒரு பக்கமா போட்டு, அப்படியே காத்துக்கிட்டு இருந்துச்சு. பாதாம் பார்க்குது, நக்கல. எவ்ளோ நேரம்னு தெரியல, எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் ரெண்டே ரெண்டு நக்கு. ரெண்டு நக்கு நக்கிட்டு திரும்பிக்கிச்சு, உன் பாதாமுக்குத்தான் எவ்ளோ திமிரு. மூணும் ஒட்டிக்கிட்டு மழை விடற வரைக்கும் படுத்திருந்துச்சு. நான் அழுதுட்டேன் ஷமா, சத்தமாவே அழுதேன், மழையில கேக்காதுன்னு நினைச்சேன், ஆரிஃபாவுக்குக் கேட்டுடுச்சு. மாப்பிள்ளை அழுவுறார் பாருன்னு முயலுங்ககிட்ட சொல்லி சிரிக்கறா.

அங்கயே உக்காந்து அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். உனக்கு நான் என்னா செய்யணும்னு கேட்டேன். அவ கேட்டது என்னான்னு நினைக்கறே, பீரோவுல ஒரு தட்டு. அக்காவோட புடவைங்க அப்படியே இருக்கட்டும், ஷமா வந்து எது வேணுமோ எடுத்துக்கட்டும், எனக்கு ஒரு தட்டு போதுங்கன்னா. எந்த அத்தர் பிடிக்கும் உனக்கு, உனக்குன்னு தனியா ஒண்ணு கலந்து தர்றேன்னு கேட்டேன், புத்தி போகுமா எனக்கு. அத்தரே எனக்கு ஆகாதுங்க, தும்மல் வரும்னா. ரெண்டு மாசமா நம்ம வீட்டுல அவ தும்மிக்கிட்டே இருந்தா, தூசி தூசின்னு நான் ஒட்டடை அடிச்சுக்கிட்டே இருந்தேன். இவ்ளோ நாள் ஒரு வார்த்தை சொல்லல பாரு. இப்ப நான் கடைக்கு மட்டும்தான் அத்தர், வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாத்திடணும்னு முடிவு பண்ணியிருக்கோம்.

இன்ஷா அல்லாஹ் சனிக்கிழமை எல்லாரும் கோட்டக்குப்பம் திரும்பறோம். எல்லாத்துக்கும் அல்ஹம்துலில்லாஹ். ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசை அரிக்குது, அதையும் சொல்லிடறேன். போன ஞாயித்துக்கிழமை நான் மட்டும் வீட்டுக்குப் போய் மேல் தட்டை ஒழிச்சு துடைச்சு பேப்பர் போட்டுட்டு வந்தேன். இங்க வந்து, குடு உன் பெட்டியை, நானே கொண்டு போய் அடுக்கிடறேன்னு கேட்டா, இருக்கட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டா. நான் ரூமுக்குள்ள வந்தா பெட்டியை சட்டுன்னு மூடறா, பூட்டு வேற போடறா, முன்னாடி எல்லாம் பூட்ட மாட்டா. சிரிச்சுப் பேசறா, எல்லாம் சரிதான், ஆனா அவ மனசுல இன்னும் ஒரு கால் வாசப்படிக்கு வெளியதான் இருக்குதோன்னு எனக்கு பயமா இருக்குது. ஒரு தட்டு கேட்டவ, தட்டைக் குடுத்தா ஏன் பெட்டியைத் திறக்க மாட்டேங்கறா. நீ பேசும்போது பக்குவமா கேளு. இதை அவ படிச்சாலும் பரவாயில்ல, என் பயம் என்னான்னு அவளுக்கும் தெரியட்டும்.

பார்சல்ல மாசிப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நியாஸுக்கு ரெண்டு லுங்கி, அப்புறம் ஜமீல் ஆசையா குடுத்த ஒரு கிலோ கல்லுப்பு. மஸ்கட்ல உப்பு கிடைக்காதான்னு தமிழ்வேந்தன் கேட்டார், இந்த உப்பு கிடைக்காதுன்னு சொல்லிட்டேன். இடுப்பு வலின்னு சொன்னியே, ஏசிக்கு நேரா படுக்காதே, காலையில வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதே. நியாஸ் கோவத்துல ஏதாவது சொன்னா உடனே பதில் சொல்லாதே, சாப்பிட்டப்புறம் சொல்லு, அவர் உம்முன்னு இருந்தா நீயும் உம்முன்னு இருக்காதே. எந்த முடிவையும் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துல எடுக்காதே, அத்தாவைப் பார்த்து கத்துக்கோ. ஊருக்கு டிக்கெட் போட்டா தேதியை முதல்ல ஆரிஃபாவுக்கு சொல்லு, எனக்கு அப்புறம் சொன்னா போதும். பாட்டில் விஷயத்துல உனக்கு எவ்ளோ கோவமோ அவ்ளோவும் கோவிச்சுக்கோ, போன்ல திட்டு, நான் வாங்கிக்கறேன், ஆனா என்னை மாதிரி பதினோரு நாள் பேசாம மட்டும் இருந்துடாதே.

அல்லாஹ் உனக்கும் நியாஸுக்கும் நீண்ட ஆயுசையும் வீட்டுல பரக்கத்தையும் சீக்கிரமே ஒரு நல்ல சேதியையும் குடுப்பானாக, ஆமீன். ஆரிஃபாவை கீழ ரெண்டு வரி எழுதச் சொல்லியிருக்கேன், எனக்கு என்னா எழுதத் தெரியும்னு வெக்கப்படறா. நான் அஸர் தொழுகைக்குக் கிளம்பறேன். அவ எழுதறதை நான் படிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், அவளே கவரை ஒட்டிடுவா.

இப்படிக்கு,
உனக்குப் பட்ட நன்றிக்கடனை துஆவுலதான் தீர்க்க முடிஞ்ச உன் அத்தா,
முஹம்மது யூசுப்.

ஷமாவுக்கு ஆரிஃபா சலாம். உங்க அத்தா எழுதினதை எல்லாம் படிச்சிட்டேன்மா. பாவம் ரொம்ப பயந்து போயிருக்கார். அவர் வீசின உடனே அந்த பாட்டிலை நான் தொட்டியிலேர்ந்து எடுத்துட்டேன். உடையல, ஒரு சொட்டுகூட கொட்டல. மூடி மேல பிளாஸ்டிக் சுத்தி, என் கல்யாணப் புடவைக்கு நடுவுல வெச்சு பெட்டியைப் பூட்டியிருக்கேன். அவர் கண்ணுல படக்கூடாதுன்னுதான் அவர் முன்னாடி பெட்டியைத் திறக்கறதில்ல. வேற ஒண்ணும் இல்ல. இப்ப அவர்கிட்ட சொன்னா சந்தோஷத்துல எடுத்து மறுபடியும் யாருக்காவது தடவிடுவார். நீ சீக்கிரம் வா, அது உன் கைக்குத்தான் வரணும். நீ வந்து எடுத்துக்கிட்டதும் என் புடவைங்களை அந்தத் தட்டுல அடுக்கிடுவேன். அதுவரைக்கும் பெட்டியைத் திறந்தா நான் தும்முறேன், அதுல மாட்டிக்கக் கூடாதேன்னுதான் எனக்கு பயம்.
ஆரிஃபா